சாவியை வாங்குவதற்கு முன் பேச வேண்டியதைப் பேசிவிடுங்கள்

கேள்வி: அண்ணா, வணக்கம். வயது 24. ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். மூன்று வருடமாக சேலம் மார்க்கெட்டுக்கு டாடா ஏஸ் ஓட்டுகிறேன். போன மாதம் ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்தது. மூன்று இடத்தில் கூப்பிடுகிறார்கள். ஒன்று பத்து வீல் லாரி, மும்பை லைன். நான் ஒருவனே ஓட்ட வேண்டும், படி நன்றாகத் தருகிறேன் என்கிறார் ஓனர். இரண்டாவது, மாமாவுக்குத் தெரிந்தவருடைய பன்னிரண்டு வீல் லாரியில் செகண்ட் டிரைவர், டெல்லி லைன், காசு குறைவு. மூன்றாவது, நண்பன் ஒருவன் கேஸ் டேங்கருக்கு வா என்கிறான். எனக்கு இந்தி தெரியாது. ராத்திரி தூக்கத்தை எப்படிச் சமாளிப்பது? விபத்து ஆனால் நிற்பதா, ஓடுவதா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அம்மா இந்த வேலையே வேண்டாம் என்கிறார். இரண்டு வருடத்தில் சொந்த லாரி எடுக்க ஆசை. எதில் சேரட்டும்?
(பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்)

பதில்:

தம்பி, இரண்டாவதில் சேருங்கள். காசு குறைவுதான், தெரிந்தே சொல்கிறேன்.

முதலில் டேங்கரைத் தள்ளி வைத்துவிடலாம். கேஸ், பெட்ரோல், ஆசிட் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கு உங்கள் ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது. அதற்கென்று மூன்று நாள் பயிற்சி முடித்து, லைசென்ஸில் தனியாகப் பதிவு வாங்க வேண்டும். அது இல்லாமல் ஏறினால் மாட்டுவது உங்கள் லைசென்ஸ். கூப்பிட்ட நண்பனுக்கு ஒன்றும் ஆகாது. நம் மாவட்டத்தில் கேஸ் டேங்கர்களுக்குப் பஞ்சமில்லை, அந்த வேலை எங்கேயும் போய்விடாது. பாதி டேங்க் திரவம் வளைவில் எப்படி ஒரு பக்கம் சாய்ந்து வண்டியை இழுக்கும் என்பதெல்லாம், சாதாரண லோடு கைக்குப் பழகிய பிறகு கற்க வேண்டிய பாடம்.

மும்பை வண்டி பற்றி. முன்பு நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2018இல் அதை எடுத்துவிட்டார்கள். அப்புறம் கிளீனரும் குறைந்து, இப்போது பல வண்டிகளில் ஒரே ஆள்தான். பழகிய டிரைவருக்கே அது கஷ்டம். புது ஆளுக்கு நல்ல படி தந்து தனியாக அனுப்புகிறேன் என்று ஒரு ஓனர் சொன்னால், பழைய டிரைவர் ஏன் அந்த வண்டியை விட்டுப் போனார் என்று விசாரியுங்கள். ஓனரிடம் கேட்க வேண்டாம். பக்கத்து ஷெட்டில், டயர் கடையில், டீக்கடையில் கேட்டால் போதும்.

நான் பல வருடம் லைன் வண்டி ஓட்டியவன். இப்போது புது டிரைவர்களை வண்டியில் ஏற்றி அனுப்பும் வேலையில் இருக்கிறேன். ரோட்டில் வரும் தகராறில் முக்கால்வாசி, வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரும் முன்பே முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம். சாவி ஓனர் கையில் இருக்கும்வரை நீங்கள் எதையும் கேட்கலாம், அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஹூப்ளி தாண்டிய பிறகு போனில் கேட்டால், 'பார்த்துக்கலாம் வா' என்பதுதான் பதில். அதனால் செகண்ட் டிரைவராகச் சேரும் இடத்திலும் முதல் நாளே சில விஷயங்களைப் பேசிவிடுங்கள்.

சம்பளமா, டிரிப் கணக்கா, கிலோமீட்டர் கணக்கா? படி தனியா, அதற்குள்ளேயா? லோடு கிடைக்காமல் வெளியூரில் இரண்டு நாள் வண்டி நின்றால் அந்த நாளுக்குப் படி உண்டா? பலரும் கேட்க மறப்பது இது. பஞ்சர், ஏற்றுக்கூலி, தார்ப்பாய் கட்டுகிற கூலி, வழியில் கை நீட்டுகிறவர்களுக்குப் போகிற காசு, இதெல்லாம் எந்தக் கணக்கில்? ஆன்லைனில் வரும் ஃபைனை யார் கட்டுவது? ஸ்பீடுக்கும் சீட் பெல்ட்டுக்கும் டிரைவர் கட்டுவது நியாயம். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) முடிந்து போனதற்கும் அதிக பாரத்துக்கும் டிரைவர் கட்டுவது நியாயமில்லை. பாரம் கூடினால் சட்டப்படி அபராதமே 20,000 ரூபாயில் தொடங்குகிறது, மேற்கொண்டு ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. உங்கள் ஒரு மாதச் சம்பளம் ஒரே எடை மேடையில் போய்விடும். கடைசியாக ஒன்று: வண்டி இன்சூரன்ஸில் டிரைவருக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்கிறாரா என்று பாலிசியை வாங்கிப் பாருங்கள். வாய் வார்த்தையை நம்ப வேண்டாம்.

டீசல் கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போவது அங்கேதான். சில ஓனர்கள் லிட்டருக்கு இவ்வளவு மைலேஜ் என்று நிர்ணயித்து டீசல் காசைக் கொடுத்துவிடுவார்கள். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு, கூடப் போனால் டிரைவர் கையிலிருந்து. கேட்க நன்றாக இருக்கும். இதனால்தான் இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரலில் உருட்டுகிற பழக்கம் வருகிறது. சேலம்-தர்மபுரி ரோட்டில் தொப்பூர் கணவாயில் எத்தனை வண்டி முன்னால் போன காரின் மேல் ஏறியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், பேப்பரில் வராத மாதம் குறைவு. செய்தியில் 'பிரேக் பிடிக்கவில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நல்ல பிரேக்கையும் பிடிக்காமல் செய்வது எப்படி என்று அதில் இருக்காது.

நடப்பது இதுதான். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடித்து வைக்காது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம்மும் லைனிங்கும் சூடேறி, மிதித்தாலும் பிடி இருக்காது. விட்டு விட்டு மிதித்தால், பிரேக்கை இயக்குகிற ஏர் டேங்கில் காற்று இறங்கிக்கொண்டே வரும். டீசல் மிச்சம் என்று இன்ஜினையே அணைத்து வருகிற புத்திசாலிகளும் உண்டு. இன்ஜினோடு சேர்ந்து கம்ப்ரஸரும் நின்றால் டேங்கில் காற்று ஏறாது, பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். இத்தனைக்கும் மிச்சம் என்பதே பொய். புதிய புகை விதிப்படி வரும் இப்போதைய பிஎஸ் 6 வண்டியில் கியரில் வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும். மைலேஜ் கேட்கிற ஓனருக்கு இதைச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டால் நல்லது.

இறக்கம் தொடங்கும் முன்பே, மேலேயே, கியரைக் குறைத்து, புகை போகும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வண்டியைப் பிடிக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிடுங்கள். பாதி இறங்கிய பிறகு குறைக்க நினைத்தால் கியர் விழாமல் நியூட்ரலிலேயே மாட்டிக்கொள்ளும். தொப்பூர் நமக்குப் போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். அதாவது ரிட்டன் லோடோடு, களைப்போடு, வீடு நெருங்கிவிட்டது என்ற அவசரத்தோடு இறங்குகிற இடம். பாளையம் டோல்கேட் தாண்டியதும் ஓரமாக ஒரு தரம் நிறுத்தி, டயரையும் காற்று மீட்டரையும் பார்த்துவிட்டு இறங்குங்கள். மும்பை லைனில் பின்னாளில் போனால், புனே வருவதற்கு முன் காத்ரஜ் சுரங்கம் தாண்டி நவலே பாலம் வரை இதே மாதிரி ஒரு இறக்கம் உண்டு. பார்த்தால் பெரிய மலையாகத் தெரியாது. அதுதான் ஆளை ஏமாற்றும்.

செகண்ட் டிரைவர் என்றால் சீனியர் தூங்கும்போது ஸ்டியரிங் பிடிக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வண்டியைச் சுற்றி வருவதைப் பாருங்கள். டயரை லிவரால் தட்டும்போது காற்று இறங்கிய டயர் வேறு சத்தம் கொடுக்கும், அது காதுக்குப் பழக வேண்டும். ஜோடி டயருக்கு நடுவில் கல் மாட்டியிருந்தால் எடுத்துவிட வேண்டும். டயர் மாற்றினால் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்தி நட்டை மறுபடி இறுக்க வேண்டும். ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை மிதித்துப் பிடித்தால் காற்று முள் இறங்குகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா கரைசல் டேங்கையும் டீசல் மாதிரியே கவனியுங்கள். காலியானால் இன்ஜின் இழுக்காது, நடுக்காட்டில் நொண்டி நொண்டிப் போக வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்கிற சீனியர் என்றால், அடுத்த டிரிப்புக்கு வேறு வண்டி பாருங்கள். மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

லோடு ஏற்றும் இடத்தில் தூங்கிவிடாதீர்கள். பெட்டியோ மூட்டையோ, எண்ணிக்கை குறைந்தால் இறக்குமிடத்தில் உங்கள் கணக்கில்தான் பிடிப்பார்கள். எண்ண விடாவிட்டால் எல்.ஆர். என்கிற லாரி சரக்கு ரசீதில் 'எண்ணிக்கை பார்க்கவில்லை' என்று எழுதச் சொல்லுங்கள். காலி எடை, லோடு எடை இரண்டு சீட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். தார்ப்பாய் கட்டி முடித்த பிறகு தரையிலிருந்து உயரத்தை அளந்து, கேபினில் கண்ணில் படுகிற இடத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். வடக்கே ஊருக்குள் ரயில்வே பாலத்தடியில் மாட்டிக்கொண்டு டயரில் காற்றை இறக்கி வெளியே வந்த கதையை எந்த டிரைவரிடம் கேட்டாலும் சொல்வார்.

சரக்கோடு போகிற ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில்லில் உங்கள் வண்டி நம்பர் சரியாக இருக்கிறதா, எதுவரை செல்லும் என்று கிளம்பும்போதே பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. டெல்லிக்குத் தாராளமாக வரும். ஆனால் வழியில் வண்டி ரிப்பேராகிப் பல நாள் நின்றால் காலாவதியாகிவிடலாம். முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து, முடிந்த பின் எட்டு மணி நேரம் வரைதான் நீட்டிக்க முடியும். அதனால் வண்டி நின்றதும் மெக்கானிக்குக்குப் போன் போடும் கையோடு புக்கிங் ஆபீஸுக்கும் சொல்லிவிடுங்கள். பிடித்தால் சரக்கோடு சேர்ந்து நிற்கப்போவது நீங்கள். ஆர்சி, எஃப்சி, பர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் எல்லாம் போனில் டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் ஆப்பில் இருந்தாலும் செல்லும். ஆனாலும் நகல் எடுத்த ஃபைல் ஒன்று கேபினில் இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில்தான் சரியாகக் கை காட்டி நிறுத்துவார்கள்.

தூக்கம். இதில் தந்திரம் எதுவும் கிடையாது, தம்பி. முகம் கழுவுவது, டீ, பாட்டு, ஜன்னலைத் திறப்பது, ஹான்ஸ் புகையிலை, எல்லாம் அரை மணி நேரம் ஏமாற்றும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று எழுதி வைத்தது. லைனில் அதை யார் மதித்தார்கள் என்பது வேறு கதை. நீங்கள் மதியுங்கள். ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை புது ஆள் ஓட்ட வேண்டாம் என்று சீனியரிடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கண் திறந்திருக்கும்போதே மூளை இரண்டு மூன்று விநாடி அணைந்து எரியும் நேரம் அது. 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் 50 மீட்டர், யாரும் ஓட்டாத லாரி ஓடியிருக்கும். கடந்த இரண்டு கிலோமீட்டர் நினைவில் இல்லை என்றால் உடனே நிறுத்த இடம் தேடுங்கள்.

நிறுத்துவதிலும் ஒன்று இருக்கிறது. ரோட்டோரத்தில் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிற லாரியில் பின்னால் வந்து காரும் பஸ்ஸும் மோதுவது வாரம்தோறும் நடக்கிறது. பெட்ரோல் பங்க், லாரி நிறுத்துமிடம், டோல்கேட் பக்கம், இவற்றில்தான் நிறுத்த வேண்டும். டீசல் திருட்டு, தார்ப்பாயைக் கிழிக்கிற வேலையும் அங்கே குறைவு. வடக்கே சில தாபாக்களில் தூக்கம் வராது என்று கசகசாக் காயின் தோலைப் பொடியாகவோ டீயிலோ தருவார்கள். டோடா என்பார்கள். அது போதைப்பொருள் வழக்கு, ஜாமீனே கஷ்டம். பழகிவிட்டால் அது இல்லாமல் வண்டி ஏற முடியாது என்பது அதைவிட மோசம். ஓசியில் தந்தாலும் வேண்டாம்.

டெல்லி லைனில் உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது பனிமூட்டம். டிசம்பர், ஜனவரியில் குவாலியர், ஆக்ரா பக்கம் விடிகாலையில் பானெட்டுக்கு முன்னால் ஒன்றுமே தெரியாத நாள் வரும். நம் ஊரில் ஏற்காடு மேலே பார்த்திருப்பீர்கள், ஆனால் அங்கே எல்லாரும் ஹைவே வேகத்தில் வருவார்கள். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போகலாம் என்று சொல்வார்கள். அந்த வண்டி எங்கே போகிறது என்று அதன் டிரைவருக்கே தெரியாது. பங்கில் ஒதுங்கி, வெயில் வந்த பிறகு கிளம்புங்கள். லேட் ஆனதற்குப் பார்ட்டி கத்தினால் கத்தட்டும், பனி என்றால் அவர்களுக்கும் தெரியும். பெரிய நகரங்களில் பகலில் லாரிக்கு நோ என்ட்ரி இருக்கும். காலையில் ஊர் எல்லைக்குப் போய்ச் சேர்ந்து பகல் முழுக்க நிற்பதைவிட, முன்னாடியே நல்ல இடமாகப் பார்த்துத் தூங்கிவிட்டு இரவு போய்ச் சேர்வது மேல். நேரத்தைத் துரத்துகிற பாதிப்பேர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

இந்தி பற்றிக் கவலைப்படாதீர்கள். எண்கள், வலது இடது, எடை, லோடு, எவ்வளவு, எங்கே, போலீஸ், மெக்கானிக். இவ்வளவு இருந்தால் முதல் டிரிப் ஓடிவிடும். மிச்சத்தைத் தாபாக்காரர்கள் கற்றுக் கொடுத்துவிடுவார்கள். நாக்பூரிலும் டெல்லியிலும் நம்மூர் புக்கிங் ஆட்கள், டிரைவர்கள் இருப்பார்கள், அந்த நம்பர்களைச் சீனியரிடம் முதல் நாளே வாங்கிக்கொள்ளுங்கள்.

விபத்து பற்றிக் கேட்டீர்கள். நிற்க வேண்டும். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் போலீஸுக்குச் சொல்வதும் டிரைவரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டம் அடிக்க வந்தால்? அதையும் அந்தப் பிரிவு யோசித்திருக்கிறது. கும்பலின் கோபத்தால் அங்கே இருக்க முடியாவிட்டால் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லலாம். தாமதமானாலும் 24 மணி நேரத்துக்குள். போகும் வழியிலேயே 112க்குப் போன் செய்துவிட்டால், நீங்கள் ஓடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. நேஷனல் ஹைவேயில் 1033 என்ற நம்பரும் உண்டு, ஆம்புலன்ஸும் கிரேனும் அனுப்புவார்கள். விபத்து செய்துவிட்டு ஓடினால் பத்து வருடம் என்று பயமுறுத்துகிறார்களே, அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவில் 106ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு. 2024 ஜனவரியில் வடக்கே லாரிகள் நின்றது அதற்காகத்தான். அந்த ஆண்டு ஜூலை 1இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அதற்காக ஓடலாம் என்று அர்த்தமில்லை. ஓடிய டிரைவருக்குக் கோர்ட்டிலும் இன்சூரன்ஸிலும் பேச வாய் இருக்காது. வண்டி நின்ற நிலை, டயர் தடம், எதிர் வண்டி எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். ஓனருக்குச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் எவன் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். இப்படி ஆனால் வக்கீலும் ஆளும் அனுப்புவது யார் என்பதையும் சாவி வாங்கும் முன்பே ஓனரிடம் கேட்டு வையுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும்தான். பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தாலே ஓனர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

அம்மாவிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள். அந்தச் சீனியரை ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். யாருடன் போகிறீர்கள் என்று தெரிந்தால் அம்மாவுக்குப் பாதி பயம் குறையும். உங்கள் போனில் லொகேஷனைத் தம்பிக்கோ தங்கைக்கோ போட்டுவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள், தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். கண் பரிசோதனையையும் இப்போதே முடித்துவிடுங்கள். கண்ணாடி தேவை என்றால் வெட்கப்படாமல் போடுங்கள், எதிரே வருகிற ஹைபீம் வெளிச்சம் கண் குறையை இரட்டிப்பாக்கும்.

சொந்த லாரி. இரண்டு வருடம் என்று நாள் குறிக்காதீர்கள். முதல் டிரிப்பிலிருந்து ஒரு நோட்டு போடுங்கள். வாடகை எவ்வளவு, டீசல், டோல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, படி, கமிஷன், ரிட்டன் லோடுக்கு நின்ற நாள், எல்லாம் எழுதுங்கள். டயர் எத்தனை கிலோமீட்டரில் தேய்ந்தது, ஒரு எஃப்சிக்கு எவ்வளவு ஆனது, வருட இன்சூரன்ஸ் எவ்வளவு என்பதை ஓனர் சொல்லத் தயாராக இருந்தால் அதையும் சேருங்கள். மழை மாதம், தீபாவளி, மார்ச் என்று ஒரு வருடம் முழுக்க அந்த நோட்டில் ஓட வேண்டும், ஏனென்றால் வாடகை ஏறுவதும் விழுவதும் சீசனைப் பார்த்துத்தான். டியூ மட்டும் எந்த மாதமும் நிற்காது. ஒரு வருடக் கணக்கில் டியூ கட்டி மிச்சம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபைனான்ஸ் ஆபீஸ் படி ஏறலாம். அதற்கு முன் எனக்கு எழுதுங்கள், பழைய வண்டியா புது வண்டியா என்று அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசுவோம்.